பெயர்ப் பட்டியல் கேட்கும் வேலை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நெல்லிக்குப்பத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். கடலூர் சிப்காட்டில் ஓர் ஒப்பந்ததாரரிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன்; ஒப்பந்தம் முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளாக விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலானவர்கள் பதில்கூடப் போடுவதில்லை. சென்ற வாரம் புதுச்சேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். "மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ், மாதம் 18,000 முதல் 35,000 வரை" என்று விளம்பரம். பத்து நிமிடம் பேசிவிட்டு, தேர்வாகிவிட்டாய் என்றார்கள். நிலையான சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும்தான் என்பதைக் கடைசியில் சொன்னார்கள். பயிற்சிக்கும் மாதிரிப் பொருள்களுக்கும் 3,500 ரூபாய் கட்ட வேண்டும், அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும், தெரிந்தவர்கள் 100 பேரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதி வர வேண்டும் என்கிறார்கள். ஆறு மாதத்தில் மேலாளர் ஆகிவிடலாமாம். "வீட்டில் சும்மா கிடப்பதற்கு இது மேல்" என்கிறார் அப்பா. சேரலாமா? ஆங்கிலம் சரளமாக வராததுதான் என் குறையா, சென்னைக்கே போய்விடலாமா என்றும் சொல்லுங்கள். தண்டச்சோறு தின்பது அவமானமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கடிதத்தின் கடைசி வரியை முதலில் அடித்துவிடுங்கள். வேலை கிடைக்காதது ஒருவனுடைய சோம்பேறித்தனம் மட்டுமே என்றால், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு ஓர் உதவித்தொகையை வைத்திருக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. பட்டதாரிக்கு அது மாதம் 600 ரூபாய். அந்தத் தொகை எதற்கும் போதாது என்பது வேறு வழக்கு. பெற்றவர்கள் போடும் சோற்றைத் தண்டம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? இரண்டு ஆண்டுகள் சளைக்காமல் விண்ணப்பம் போட்டவன் சும்மா கிடந்தவன் ஆக மாட்டான். இதை நீங்களும் உணர வேண்டும், உங்கள் அப்பாவும் உணர வேண்டும்.

ஆங்கிலத்தைப் பற்றியும் சென்னையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம் படிக்கப் படிக்க வரும். சென்னைக்குப் போவதென்றால் கையில் நியமனக் கடிதத்தோடு போங்கள். அதற்கு மேல் இவற்றில் பேச ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் காரணம் உண்டு. இந்தக் கோடையில் ஒரு நண்பகலில், மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் இருபது வயதுப் பெண் ஒருத்தி துணிப்பையோடு வந்து நின்றாள். தரை துடைக்கும் திரவமும் கொசு விரட்டியும் விற்கிறாள். நான் ஒன்றும் வாங்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நான் வந்ததற்கு அடையாளமாக உங்கள் பெயரையும் எண்ணையும் மட்டும் எழுதித் தருகிறீர்களா?" என்று ஒரு நோட்டை நீட்டினாள். அறுபது வீடு ஏறியதற்கு அத்தாட்சி காட்டினால்தான் மாலையில் அலுவலகத்துக்குள் விடுவார்களாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். விற்றால் உண்டு என்றாள். விற்காத நாளிலும் அவள் ஏறி இறங்கிய படிகளுக்குக் கணக்கு கேட்கிறவர்கள் அந்தப் படிகளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை என்பது அன்றிலிருந்து என் மனத்தைவிட்டு அகலவே இல்லை.

கமிஷன் வாங்குவது தவறில்லை, தம்பி. கடலூரில் ஸ்டாக்கிஸ்டுகளிடம், அதாவது நிறுவனங்களின் பொருள்களை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்புகிறவர்களிடம், லைனுக்குப் போகும் விற்பனையாளர்களைப் பார்த்திருப்பீர்கள். திங்கட்கிழமை பண்ருட்டி, செவ்வாய்க்கிழமை குறிஞ்சிப்பாடி என்று கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்கிறார்கள்; அவர்களுக்குச் சம்பளம் ஒன்று, பேட்டா ஒன்று, டார்கெட்டை எட்டினால் ஊக்கத்தொகை ஒன்று. மருந்துப் பிரதிநிதிகளும் அப்படித்தான். எல்.ஐ.சி. முகவருக்குச் சம்பளமே கிடையாது. ஆனால் அவர் தேர்வு எழுதி முறைப்படி நியமனம் பெற்றவர், தமக்குக் கமிஷன்தான் என்பதை முதல் நாளிலிருந்தே அறிந்தவர், பாலிசிதாரர் தவணை கட்டுகிற வரையில் பின்வரும் ஆண்டுகளிலும் அவருக்கு ஒரு பங்கு வருகிறது. விளம்பரத்தில் 18,000 என்று எழுதிவிட்டு, நேர்காணலின் கடைசி நிமிடத்தில் வாயைத் திறப்பவர்களை இவர்களோடு சேர்த்துப் பேசக் கூடாது.

சம்பளம் கொடுக்கிற முதலாளி உங்கள் மேல் தன் பணத்தைப் போடுகிறார். அதனால்தான் அவர் தயங்குகிறார், இரண்டு முறை கூப்பிடுகிறார், பத்துப் பேரில் ஒருவரை எடுக்கிறார். உங்களுக்குப் பதில் போடாமல் இருப்பவர்களில் பலரும் அப்படித் தயங்குகிறவர்கள்தான், அவர்களுடைய மரியாதைக் குறைவை நான் நியாயப்படுத்தவில்லை. சம்பளமே கொடுக்காத நிறுவனத்துக்கு உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வரும்? வெயில் உங்களுடையது, பெட்ரோல் உங்களுடையது, செருப்பு உங்களுடையது, மாதிரிப் பொருளுக்கான 3,500 ரூபாயும் உங்களுடையது. நூறு பேரைச் சேர்த்து, தொண்ணூறு பேர் மூன்றாம் வாரத்தில் ஓடிப்போனாலும் அவர்களுக்கு நட்டமில்லை. அந்தத் தொண்ணூறு பேர் கட்டிய பணம் அங்கேதான் இருக்கும். பத்து நிமிடத்தில் தேர்வானது உங்கள் திறமைக்குக் கிடைத்த மதிப்பு என்று ஒரு கணமாவது மகிழ்ந்திருப்பீர்கள், இரண்டு ஆண்டுப் புறக்கணிப்புக்குப் பிறகு யாருக்கும் அது இயல்பு. அந்த மகிழ்ச்சியை எதிர்பார்த்தே அவர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதில் என் கோபத்துக்கு ஊரும் ஒரு காரணம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகும்போது முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. ஆலையைக் கடந்திருப்பீர்கள். 2020இல் மூடப்பட்ட அந்த ஆலையும் அதன் உடன்பிறப்புகளான மற்ற பஞ்சாலைகளும் ஒரு காலத்தில் இந்தப் பகுதிக்கே சோறு போட்டவை. 1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சிந்தியப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது. எல்லைக்கு இந்தப் பக்கம், நம் கடலூர் இருந்த பிரிட்டிஷ் இந்தியாவில், அப்போது தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம். ஒரு மனிதனின் ஒரு நாளுக்கு விலை உண்டு, அந்த விலையைப் பொருள் விற்றாலும் விற்காவிட்டாலும் வேலை வாங்கியவன் கொடுக்க வேண்டும் என்பதை உயிரைக் கொடுத்து நிலைநாட்டிய ஊர் அது. அதே ஊரின் ஒரு மாடி அறையில், காலை எட்டு மணிக்குக் கைதட்டி முழக்கம் போட வைத்து, இரவு ஒன்பது மணி வரை தெருவில் அலையவிட்டு, ஒரு காசும் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சட்டம் கேட்டால் தப்பிக்க ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்: நீங்கள் அவர்களுடைய ஊழியர் அல்ல, சுயதொழில் செய்பவர், சுதந்திர விநியோகஸ்தர். ஊழியர் இல்லை என்றால் குறைந்தபட்சக் கூலி இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. சுயதொழில் செய்பவனை எட்டு மணிக்கு வா, டை கட்டு, விடுப்புக்கு அனுமதி கேள் என்று அதட்ட இவர்கள் யார் என்று அந்த மேலாளரிடம் நீங்கள் கேட்க வேண்டும்.

இப்போது அந்தப் பெயர்ப் பட்டியலுக்கு வருகிறேன். நீங்கள் அதை மூன்றாவது நிபந்தனையாக, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கொடியது.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, தொண்ணூறுகளின் இறுதியில் இப்படி ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். காந்த மெத்தை விற்கும் நிறுவனம். மூட்டுவலி, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அந்த மெத்தை போக்கும் என்று அவரை நம்பவைத்தார்கள். அவரும் பட்டியல் எழுதினார். பட்டியலில் முதல் பெயர் என் அம்மா. அம்மா ஏலச்சீட்டில் எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்து மெத்தை வாங்கினார், மெத்தைக்காக இல்லை, "பிள்ளை வாய் திறந்து கேட்டுவிட்டான்" என்பதற்காக. அப்படியே சித்தப்பா வாங்கினார், அண்ணியின் தம்பி வாங்கினான், அண்ணன் படித்த பள்ளியின் கணக்கு ஆசிரியர் ஓய்வூதியப் பணத்தில் வாங்கினார். அந்த மாதங்களில் அண்ணனுக்கு மேடையில் மாலை போட்டார்கள். பிறகு பட்டியல் தீர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் யாரும் அந்த விலைக்கு மெத்தை வாங்கவில்லை, வாங்குவார்கள் என்று அந்த நிறுவனம் எதிர்பார்த்திருக்கவும் இல்லை. அதற்கு வேண்டியிருந்தது அண்ணனின் விற்பனைத் திறன் அல்ல. அவர் முப்பது ஆண்டுகளில் சேர்த்து வைத்திருந்த மனிதர்கள்தான். அவர்கள் கையிலிருந்த பணம் வந்து சேர்ந்ததும், அடுத்த பட்டியலோடு வேறொரு இளைஞன் வந்தான்.

திருவந்திபுரம் கோயிலில் எங்கள் உறவில் எத்தனையோ திருமணங்கள் நடந்தன. அண்ணன் வருவதை நிறுத்திவிட்டார். வந்த ஒரு முறையும் மலையடிவாரத்திலேயே நின்று மொய்க் கவரை என்னிடம் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். அவரை யாரும் திட்டவில்லை. என் அம்மா கடைசிவரை அந்த மெத்தையில் படுத்தார், வலி குறைந்திருக்கிறது என்றுகூட அவருக்காகச் சொன்னார். ஆனாலும் பந்தியில் உட்கார்ந்தால் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், இருவரும் தம்மிடம் பணம் கொடுத்தவர்கள் என்ற நினைப்போடு ஒரு மனிதரால் எப்படிச் சாப்பிட முடியும்?

ஆகவே உங்கள் அப்பாவின் வாக்கியத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். அவர் உங்கள் மேல் உள்ள கவலையால் சொல்கிறார், அவரைக் குறைவாக எண்ண மாட்டேன். ஆனால் வீட்டில் இருக்கும் மகன் வீட்டுச் சோற்றை மட்டும்தான் சாப்பிடுகிறான். இந்த வேலைக்குப் போகும் மகன் 3,500 ரூபாயில் தொடங்கி, நாள்தோறும் புதுச்சேரிக்குப் பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் கைக்காசில் செலவழித்து, அத்தையிடமும் மாமாவிடமும் பழைய ஆசிரியரிடமும் போய் நிற்பான். பிற்பாடு உண்மையான ஆபத்து ஒன்று வரும்போது, மருத்துவச் செலவுக்கோ தங்கையின் திருமணத்துக்கோ, போய் நிற்க ஓர் ஆளும் மிச்சம் இருக்காது. இதையா சும்மா இருப்பதற்கு மேல் என்கிறார்?

பட்டியலில் உள்ளவர்களைப் பொருள் வாங்கச் சொல்லாமல், அவர்களையும் பணம் கட்டிச் சேரச் சொல்லி அதில் உங்களுக்குப் பங்கு தருவதாகச் சொன்னால், அது குற்றத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் இப்படி ஆள்மேல் ஆள் சேர்க்கும் பிரமிடு முறையைத் தடுக்கின்றன. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் ஒருவர் வீட்டுக்கு விற்கப் போகக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. எங்கள் வாசலில் நின்ற பெண்ணின் கழுத்தில் அடையாள அட்டை எதுவும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, நியமனக் கடிதத்தில் மாதச் சம்பளம் இவ்வளவு என்று எழுதித் தருவீர்களா என்று மட்டும் கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதிகளுக்கென்று 1976இல் வந்த சட்டத்திலேயே நியமனக் கடிதம் கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை எல்லாத் தொழிலாளர்களுக்கும் விரித்திருக்கிறது. இழுத்தடித்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். விற்பனையில் உண்மையான விருப்பம் இருந்தால் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டாக்கிஸ்டுகளிடம் நேரில் போய் லைன் வேலை கேளுங்கள், நல்ல விற்பனையாளருக்கு அங்கே எப்போதும் தேவை இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது, ஒன்றையும் விடாதீர்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுக்காதீர்கள்; ஏற்கெனவே கொடுத்திருந்தால் நாளைக்கே அப்பாவை அழைத்துக்கொண்டு போய்த் திருப்பி வாங்குங்கள், தர மறுத்தால் அங்கிருந்தே காவல் நிலையத்துக்குப் போங்கள். எண்கள் நிரம்பிய அந்தத் தாளை எழுதத் தொடங்கியிருந்தால் கிழித்துவிடுங்கள். இந்தப் பதிலை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். அதன் பிறகும் அவர் போகச் சொன்னால், அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவருக்கும் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா