தங்கத்தை யார் முறுக்குகிறார்கள்?

வணக்கம். கைரல் (தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத) நானோ பொருட்கள் பற்றிய கட்டுரையில், 'சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் தங்கத்தை முறுக்கிவிடுகிறது' என்று எழுதியிருந்தீர்கள். தங்கத்தின் அணு அடுக்கில் இடம் வலம் எதுவும் கிடையாதே? ஒரு துளியூண்டு மூலக்கூறு, தன்னைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய உலோகத் துகளை எப்படி முறுக்கும்? முறுக்கினாலும் அது கண்ணுக்குத் தெரியுமா?
க.

அன்புள்ள க.,

பிடித்துவிட்டீர்கள். 'முறுக்கிவிடுகிறது' என்பது அவசரத்தில் விழுந்த சொல். அங்கே யாரும் எதையும் முறுக்குவதில்லை.

2018இல் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் கி டே நாம் குழுவினர், கனசதுரத் தங்கத் துகள்களை விதையாக வைத்து, சிஸ்டீன் கலந்த கரைசலில் மேலும் வளரவிட்டார்கள். தங்கத்தின் அணு அடுக்கு சமச்சீரானது, சரிதான். ஆனால் வளர்கிற படிகத்தின் மேற்பரப்பு வழவழவென்று இருக்காது. படிகள் இருக்கும், படி மடங்கும் மூலைகள் இருக்கும். அந்த மூலைகளை மட்டும் பார்த்தால் இடம்புரி, வலம்புரி என்று இரண்டு வகை. இரண்டும் சம எண்ணிக்கையில் இருப்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. சிஸ்டீனும் ஒரு கைரல் மூலக்கூறு. வலக்கை உறை இடக்கையில் சரியாக உட்காராதது போல, அது ஒரு வகை மூலையில்தான் நன்றாக ஒட்டும். ஒட்டிய இடத்தில் வளர்ச்சி மந்தம். மற்ற வகை முந்திக்கொள்ளும். இந்தச் சின்னப் பாரபட்சம் அடுக்கடுக்காகச் சேர்ந்து, நேராக இருக்க வேண்டிய விளிம்புகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்புகின்றன. சிஸ்டீனின் கண்ணாடிப் பிம்பத்தைப் போட்டால் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. விதையை எண்முகியாக்கி, சிஸ்டீனுக்குப் பதில் அதையே உள்ளடக்கிய குளூட்டாதயோன் என்ற சிறு பெப்டைடைச் சேர்த்தபோது, முகத்துக்கு நான்கு வளைந்த கைகளோடு காற்றாடி போலவே வந்தது.

ஒளியின் அதிர்வுத் திசையே திருகுபோல் இடமாகவோ வலமாகவோ சுழன்றபடி வரலாம். அந்த இடச்சுழி ஒளியையும் வலச்சுழி ஒளியையும் ஒரு பொருள் எவ்வளவு வேறுபடுத்துகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. உச்சம் 2. சாதாரணக் கரிம மூலக்கூறுகள் ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டவே திணறும். இந்தக் காற்றாடிகள் 0.2ஐத் தொட்டன.

இதற்கு முன்பே, 2012இல், மடித்த டிஎன்ஏவைத் தண்டாக்கி அதைச் சுற்றித் தங்கமணிகளைத் திருகுபடிபோல் பொருத்திக் காட்டியிருந்தார்கள். அழகான வேலை. ஆனால் எனக்குப் பிடித்தது நாம் குழுவின் வழிதான். மணி மணியாக இடம் குறித்துக் கோக்க வேண்டாம். குடுவை முழுக்கத் தானாக வளர்கிறது.

அப்புறம் 2022இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, வளரும் துகள்கள் மேல் சுழலொளியையும் பாய்ச்சி இந்த அளவை 0.44க்கு உயர்த்தினார்கள். அந்தத் துகள்களைத் தடுப்பூசியோடு சேர்த்துச் சுண்டெலிகளுக்குப் போட்டபோது, வலக்கைத் துகள்களைவிட இடக்கைத் துகள்கள் நோயெதிர்ப்பை நன்றாகத் தூண்டின. அதே தங்கம், திரும்பிய பக்கம் மட்டும் வேறு! மனிதர்களுக்கு இது மருந்தாகும் என்று இப்போதே சொன்னால் அடுத்த கடிதத்திலும் மாட்டிக்கொள்வேன்.

கண்ணுக்குத் தெரியுமா என்றால், தனித் துகள் தெரியாது. அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். கரைசலை இரண்டு போலராய்டு தாள்களுக்கு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) நடுவே வைத்து ஒரு தாளை மெல்லத் திருப்பிப் பாருங்கள், நிறம் மாறிக்கொண்டே போகும். அதற்கு வெறும் கண் போதும்.