நோயுற்ற ஹம்ஸ்டரும் கினிப்பன்றியும்: மிருக வைத்தியரிடம் கேளுங்கள்

உவர்மலையிலிருந்து ஒரு தாய்: ஹம்ஸ்டருக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. வயிற்றில் கட்டி. கருணைக்கொலைக்கு நேரம் வந்துவிட்டது என்று எப்படி அறிவது?

ஹம்ஸ்டரின் ஆயுளே இரண்டு, மூன்று வருடம்தான். உங்கள் கவனக்குறைவால் வந்தது என்று மனதை வருத்தாதீர்கள்.

கட்டியின் பருமனை விட்டுவிட்டு ஹம்ஸ்டரின் நடமாட்டத்தைப் பாருங்கள். இவை பூனைக்கும் பாம்புக்கும் இரையாகிற பிராணிகள். வலியை ஒளித்தே பழகியவை, கத்தாது. பாதிக் கண்ணை மூடி, முதுகு கூனி, உரோமம் சிலிர்த்து மூலையில் குந்தியிருக்கும். ஒரு சூரியகாந்தி விதையை நீட்டுங்கள். இரு கையாலும் வாங்கி, வாய்வரை கொண்டுபோய், கோது உடைக்காமல் கீழே நழுவவிட்டால் எனக்கு நெஞ்சு கனத்துவிடும். வாய்க்கு ஆசை இருக்கிறது, உடம்புக்கு ஏலவில்லை.

தினமும் ஒரே நேரத்தில் சமையல் தராசில் நிறுங்கள். கலண்டரில் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறியுங்கள். கெட்ட நாட்கள் கூடினாலோ, மூச்சுக்கு விலா இழுத்தாலோ தள்ளிப்போட வேண்டாம். "தானாகப் போகட்டும்" என்று விடுவது பெரும்பாலும் பசியோடும் மூச்சுமுட்டலோடும்தான் முடிகிறது.

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி: சாகக்கிடக்கும் ஹம்ஸ்டரை ஃப்ரீசரில் வைத்தால் தூங்கியபடியே போய்விடும் என்கிறார்கள். சரியா?

வேண்டாம் தம்பி. குளிரில் அது மெதுவாக, உணர்வோடுதான் சாகும். வாளித் தண்ணீரும் வேண்டாம். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் கலந்து வாயு எடுப்பதும் வேண்டாம். அந்தக் கரியமிலவாயு ஈரமான மூக்கிலும் கண்ணிலும் பட்டு அமிலமாகி எரிக்கும்.

வைத்தியர் முதலில் வாயுவாலோ ஊசியாலோ மயக்குவார். பிறகு பென்டோபார்பிடல் போன்ற மருந்தை அளவுக்கு மிஞ்சி ஏற்றுவார், இதயம் நின்றுவிடும். கண் திறந்தபடி இருக்கலாம், ஓரிரு இழுப்பு மூச்சும் வரலாம். அது வலியல்ல. "முதலில் மயக்குவீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். இதயத்தில் ஊசி போடுவதானால் முழு மயக்கத்தில்தான் போட வேண்டும்.

மாட்டையும் ஆட்டையும் பார்த்துப் பழகிய வைத்தியர் எல்லாரும் ஹம்ஸ்டரைத் தொடுவதில்லை. யார் செய்வார் என்று இப்போதே தொலைபேசியில் விசாரித்து வையுங்கள். பேராதனை மிருக வைத்தியசாலை இருக்கிறதுதான். ஆனால் சாகக்கிடக்கும் பிராணியை இந்த வெயிலில் மணித்தியாலக்கணக்கில் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம்.

கின்னியாவிலிருந்து ஒரு சகோதரி: கினிப்பன்றி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. முடிவு வந்துவிட்டதா?

இல்லை, இது அவசரம். இன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். கினிப்பன்றி பட்டினி கிடந்தால் குடல் நின்றுவிடும். கடைவாய்ப்பல் வளர்ந்து குத்தியிருக்கலாம், விற்றமின் சி குறைவாகவும் இருக்கலாம். அதன் உடம்பு அதைத் தானாக உண்டாக்காது. இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் அமொக்சிசிலினை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, அதுவே உயிரை எடுத்துவிடும்.

உப்புவெளியிலிருந்து ஒரு தந்தை: ஆறு வயது மகளிடம் ஹம்ஸ்டர் ஓடிப்போய்விட்டது என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். பிள்ளை கட்டிலுக்கடியில் நாட்கணக்கில் தேடும். "தூங்க வைத்துவிட்டோம்" என்றால் இரவில் தானும் தூங்கப் பயப்படும். "செத்துவிட்டது, இனி அதற்கு நோகாது" என்று நேராகச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் மணல்தரை, நாய் கிளறிவிடும். இரண்டு அடி ஆழம் தோண்டி, மேலே கல் வையுங்கள். மூடுமுன் ஒரு விதையை மகளே உள்ளே வைக்கட்டும்.