ஒரே ஊரில் ஒரு மாதம்: நிதானப் பயணம் பற்றிக் கேள்வி பதில்

பதினோரு வருடமாக நான் பயணம் போவது இப்படித்தான். ஊர் ஊராகத் தாவாமல் ஒரே ஊரில் மூன்று வாரம், சில சமயம் ஒரு மாதம். செலவு குறையும் என்று ஆரம்பித்தேன். பழகிய மனிதர்களுக்காகத் தொடர்கிறேன். உங்கள் கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கே: அக்கா, ஒரே இடத்தில் தங்கினால் செலவு எப்படிக் குறையும்? நாள் கணக்கு அதேதானே?

புது ஊரில் முதல் நாள்தான் காசு கரையும். எந்த பஸ் எங்கே போகும் என்று தெரியாது, டாக்சி பிடிப்போம். பசி தாங்காது, கண்ணில் பட்ட முதல் கடையில் சாப்பிடுவோம். நாலாவது நாளுக்குள் பஸ், சந்தை, மலிவான சாப்பாட்டுக் கடை எல்லாம் பிடிபட்டுவிடும். பத்து நாளில் ஐந்து ஊர் பார்த்தால் அந்த முதல் நாள் செலவு ஐந்து தடவை. அப்புறம், வார வாடகை, மாத வாடகை பேசினால் அறை பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். அடுப்பு இருக்கிற அறையாகப் பாருங்கள். இரண்டு வாரம்தான் லீவு என்று எழுதிய தம்பிக்கும் இதே பதில்: ஒரு ஊர், மிஞ்சினால் இரண்டு.

கே: ஹாஸ்டலில் தங்குகிறேன். கடைசியில் மற்ற பயணிகளோடுதான் பேச்சு. ஊர்க்காரர்களோடு எப்படிப் பழகுவது?

தினமும் அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போங்கள். பூங்கா பெஞ்ச், நூலகம், முடிதிருத்தும் கடை வாசல், எதுவானாலும் சரி. முதல் நாள் உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள். மூன்றாவது நாள் ஒரு தலையசைப்பு வரும். ஒரு வாரம் கழித்து, "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்பார்கள்.

ஒரு மலையடிவாரச் சிற்றூரில் நான் தினமும் உட்கார்ந்த பெஞ்சின் மறுகோடியில் ஒரு பாட்டி கம்பளி பின்னிக்கொண்டிருப்பார். என் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி எனக்குத் தெரியாது. ஆறாவது நாள் ஒன்றும் சொல்லாமல் என் இரண்டு கைகளையும் பிடித்து விரித்து, நூல் சிட்டத்தை மாட்டிவிட்டார். அவர் உருண்டை சுற்றச் சுற்ற, நூல் தடைபடாமல் வர நான் கட்டை விரலை மாறி மாறிச் சாய்க்க வேண்டும். முதலில் சிக்கியது. என் விரலைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொடுத்தார். அரை மணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் வீட்டுக்கு அழைத்தார்.

அதிலிருந்து எனக்குப் பிடிபட்டது: கைக்கு ஒரு வேலை இருந்தால் பேச்சு தானே வரும். சட்டையில் பட்டன் போய்விட்டதா, அறையில் தைக்காதீர்கள், தையல்காரரைத் தேடிப் போங்கள். "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பட்டியல்தான் கிடைக்கும். "இந்தச் செருப்பை எங்கே தைக்கலாம்?" என்று கேட்டால் கடை வரைக்கும் கூடவே வருவார்கள்.

கே: ஊர்க்காரர் வீட்டில் தங்க கவுச்சர்ஃபிங் மட்டும்தான் வழியா?

இல்லை. பயணிகளை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் தங்கவைக்க வழிசெய்யும் அந்த இணையதளம் 2004-இல் வந்தது. 2020 முதல் பல நாடுகளில் உறுப்பினர் கட்டணம் கேட்கிறது. அதற்கு வெகு முன்பே, 1949-இல், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு டென்மார்க்கில் செர்வாஸ் என்ற அமைப்பு தொடங்கியது. வெவ்வேறு நாட்டு மக்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிப் பழகினால் சமாதானம் வளரும் என்பது அவர்கள் நம்பிக்கை. நேர்காணல் வைத்துத்தான் சேர்ப்பார்கள். எனக்கு அது பிடித்த விஷயம். சைக்கிளில் போகிறவர்களுக்கு வார்ம்ஷவர்ஸ் இருக்கிறது. பீவெல்கம் என்ற இணையதளமும் இதே மாதிரிதான்; தன்னார்வலர்கள் நடத்துவது, கட்டணம் கிடையாது.

எதில் போனாலும், ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பாதீர்கள். அவர் எழுதியிருப்பதை முழுக்கப் படித்து, ஏன் அவரைச் சந்திக்க ஆசை என்று நாலு வரி எழுதுங்கள். இலவச லாட்ஜ் தேடி வருகிறவரை எல்லாருக்கும் அடையாளம் தெரியும்.

கே: பண்ணையில் வேலை செய்து தங்கலாமா? விசா பிரச்சினை வருமா?

1971-இல் லண்டனில் செயலாளராக இருந்த சூ கோப்பார்ட், நகரத்து ஆட்கள் வார இறுதியில் இயற்கைப் பண்ணைக்குப் போய் உழைக்கட்டும் என்று தொடங்கியதுதான் இன்றைய வூஃப். வழக்கமாக நாளுக்கு நாலு முதல் ஆறு மணி நேர உழைப்பு, பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். ஆனால் சம்பளம் வாங்காவிட்டாலும் இதை வேலை என்றே கணக்கு வைக்கும் நாடுகள் உண்டு. சுற்றுலா விசாவில் மாட்டினால் திருப்பி அனுப்புவார்கள். தூதரகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே விசாவில் பல நாடுகளுக்குப் போகக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் குறுகிய கால விசா என்றால், எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் இருக்கலாம். நாடு மாறினாலும் கணக்கு ஒன்றுதான்.

கே: தனியாகப் போகிற பெண் நான். அந்நியர் வீட்டில் தங்குவது சரியா?

பயம் நியாயமானது, அதை அடக்காதீர்கள். முதல் இரவு காசு கொடுத்து அறை எடுங்கள். வீட்டுக்காரரை அடுத்த நாள் பகலில், பொது இடத்தில் சந்தியுங்கள். அவரைப் பற்றிப் பெண்கள் எழுதிய கருத்துகளைத் தனியாகப் படியுங்கள். பாராட்டைவிட, மழுப்பலாக எழுதியதைக் கவனியுங்கள். இரண்டு இரவு அறை வாடகையைத் தொடாமல் வைத்திருங்கள். எனக்கு ஒரு வீட்டில் மனசு ஒப்பவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. அந்தப் பணம் இல்லையென்றால் அங்கேயே தங்கியிருப்பேன்.

கே: தங்கவைத்தவருக்குப் பணம் கொடுக்கலாமா?

பழக்கத்துக்காகத் தங்கவைத்தவருக்கு வேண்டாம். ஒரு வேளை சமையல் உங்களுடையதாக இருக்கட்டும், பாத்திரமும் கழுவுங்கள்.

கே: மொழி தெரியாதே?

வணக்கம், நன்றி, மன்னிக்கவும், ஒன்று முதல் பத்து. பஸ்ஸில் போகும்போதே படித்துவிடலாம். மொழிபெயர்ப்புச் செயலியை இணையம் இல்லாமல் ஓடும்படி இறக்கி வையுங்கள், ஆனால் முதலில் வாயைத் திறந்து தப்பாகவாவது பேசுங்கள். திருத்திக்கொடுப்பதில் எல்லாருக்கும் சந்தோஷம்.

கே: ஊரை விட்டு வந்த பிறகு தொடர்பை எப்படிக் காப்பது?

போட்டோ எடுத்தால் அச்செடுத்து அனுப்புங்கள். கிளம்பும் முன்பே முகவரியை அவர்கள் கையாலேயே, அவர்கள் எழுத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை உறை மேல் ஒட்டி, நாட்டின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் சேர்த்தால் போதும், போய்ச் சேரும். பாட்டிக்கு நான் அப்படித்தான் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பொட்டலம் வந்தது: அந்த நூலில் பின்னிய ஒரு ஜோடி காலுறை.