நாற்பது கிலோமீட்டருக்கு மேலே எந்தத் தரவை நம்புவது?

ஈஆர்ஏ-5, மெர்ரா-2, ஜேஆர்ஏ-55 என்ற மூன்று மறுபகுப்பாய்வுகளையும் (பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து உருவாக்கிய வளிமண்டலத் தரவுகள்) இறக்கி வைத்திருக்கிறேன். ஸ்ட்ராடோஸ்பியர் (ஏறத்தாழ 10 முதல் 50 கிமீ உயரம் வரையுள்ள காற்றடுக்கு) வெப்பநிலைக்கு எதை எடுக்கலாம்?

எந்த உயரத்துக்கு என்று நீங்கள் சொல்லவில்லையே! பலூன் எட்டும் 30 கிமீ வரை மூன்றும் பெரும்பாலும் ஒத்துப்போகும். அதற்கு மேல் செயற்கைக்கோள்தான் கதி. 50 கிமீ பக்கம் வந்தால் ஆளுக்கொரு கணக்கு சொல்லும். முதலில் மாதிரியின் கூரை, அதாவது அது கணக்கிடும் உச்சி உயரம், எங்கே என்று பாருங்கள். ஜேஆர்ஏ-55-க்கு 0.1 ஹெக்டாபாஸ்கல் காற்றழுத்தம் உள்ள இடம், அதாவது சுமார் 65 கிமீ. மற்ற இரண்டுக்கும் 0.01, ஏறத்தாழ 80 கிமீ. கூரையில் முட்டி வளிமண்டல அலைகள் திரும்பிவிடக் கூடாதென்று அதை ஒட்டிய அடுக்குகளில் அவற்றைச் செயற்கையாக அடக்கியிருப்பார்கள். அங்குள்ள எண்களை நான் தொடுவதில்லை.

ஈஆர்ஏ-5-ல் இன்னொன்று: 2000 முதல் 2006 வரை கீழ் ஸ்ட்ராடோஸ்பியர் இருக்க வேண்டியதைவிடக் குளிராக இருக்கிறது. அந்த ஆண்டுகளுக்கு மட்டும் திருத்தி ஓட்டிய ஈஆர்ஏ-5.1 இருக்கிறது, அதை ஒட்டிக்கொள்ளுங்கள்.

மெர்ரா-2 வெப்பநிலையை ஆரா செயற்கைக்கோளின் எம்எல்எஸ் என்ற நுண்ணலைக் கருவியின் அளவீட்டோடு ஒப்பிட்டேன். 2004-க்குப் பிறகு அருமையாகப் பொருந்துகிறது. இதைச் சரிபார்ப்பு என்று எழுதலாமா?

வேண்டாம். 2004 ஆகஸ்டிலிருந்து மேல் அடுக்குகளில் மெர்ரா-2 உள்ளே வாங்குவதே அந்த எம்எல்எஸ் வெப்பநிலையைத்தான். விடைத்தாளைப் பார்த்து எழுதியவனை அதே விடைத்தாளை வைத்துத் திருத்துவது போல ஆகிவிடும். உள்ளே போகாத ஒரு கருவியோடு ஒப்பிடுங்கள்; டைம்ட் செயற்கைக்கோளின் சேபர் கருவி 2002 முதல் அளந்துகொண்டிருக்கிறது.

மேல் ஸ்ட்ராடோஸ்பியரில் 1998 வாக்கில் வெப்பநிலை சட்டென்று மாறுகிறது. எரிமலையா?

நானும் இதில் விழுந்திருக்கிறேன். மாணவனாக இருந்தபோது 2 ஹெக்டாபாஸ்கலில் ஒரு கோடு வரைந்தேன். 1998-ல் படிக்கட்டு மாதிரி ஒரு தாவல். இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. மூத்தவர் ஒருவர் எட்டிப் பார்த்து, “அந்த வருஷம் என்ன செயற்கைக்கோள் ஏறுச்சு?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நோவா-15. அதோடு ஏஎம்எஸ்யூ என்ற புதிய நுண்ணலைக் கருவி வந்தது. அதற்கு முன்பு மேல் ஸ்ட்ராடோஸ்பியருக்கு எஸ்எஸ்யூ என்ற பழைய செயற்கைக்கோள் கருவி மூன்று தடித்த அடுக்குகளில் எடுத்த அளவீடுகள்தான் துணை. அதிலும் கருவிக்குள் அடைத்த கார்பன் டை ஆக்சைடு வாயு மெல்லக் கசியும். கசியக் கசிய அது பார்க்கும் உயரமே நகரும். இந்தப் பழைய கருவியின் பதிவைத் திருத்தும் முறையில் பிரிட்டிஷ் வானிலைத் துறையும் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் வேறுபட்டதில், ஒரே ஸ்ட்ராடோஸ்பியருக்கு இரண்டு குளிர்ச்சி வேகங்கள் கிடைத்து 2012-ல் பெரிய விவாதமே நடந்தது. உங்கள் கோட்டுக்குக் கீழே கோள்கள் ஏறி இறங்கிய தேதிகளையும் வரைந்து வையுங்கள்.

எல்லாவற்றையும் சராசரி எடுத்துவிட்டால் பிழை கரைந்துவிடாதா?

பிழைகள் தனித்தனியாக இருந்தால் கரையும். இங்கே எல்லோரும் ஒரே கோள்களின் தரவைத்தான் உண்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 28 மாதத்துக்கொரு முறை கிழக்கும் மேற்குமாக மாறும் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கொரியாலிஸ் விசை இல்லாததால் வெப்பநிலையிலிருந்து காற்றை எளிதில் கணிக்க முடியாது. பலூன்தான் சொல்ல வேண்டும். பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம் கோத்துவைத்த நீண்ட பதிவே காண்டன் தீவு, மாலத்தீவின் கன், 1976 முதல் சிங்கப்பூர் என்று மூன்று இடங்களின் பலூன்கள்தான். மறுபகுப்பாய்வுகள் இந்த ஊசலைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும். குறைத்துக் காட்டும் மூன்றின் சராசரியும் குறைவாகத்தானே இருக்கும்? நான் மூன்று கோடுகளையும் அப்படியே வரைந்து, சிங்கப்பூர்ப் பதிவை மேலே கறுப்பில் போடுவேன்.

ராக்கெட் தரவும் மாதிரியும் 80 கிமீயில் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கின்றன. ஏன்?

ஒன்று வடிவியல் உயரம் (நேராக அளந்த உயரம்), மற்றது புவிநிலை உயரம் (மேலே போகப்போக ஈர்ப்பு குறைவதைக் கணக்கில் கொண்ட உயரம்). 50 கிமீயில் வேறுபாடு சுமார் 0.4 கிமீ, 80-ல் ஒன்று. மாற்றிவிட்டுப் பாருங்கள்.

கேரளத்தின் தும்பா ஏவுதளத்தின் பழைய எம்-100 ராக்கெட் பதிவுகளுக்கு இன்னும் மதிப்பு உண்டா?

நிச்சயமாக. வடக்கே 8.5 பாகையில், கோள்கள் பெருகாத எழுபதுகளிலிருந்து வாராவாரம் மீசோஸ்பியர் (ஸ்ட்ராடோஸ்பியருக்கு மேலுள்ள அடுக்கு) வரை ஏவியிருக்கிறார்கள். வெப்ப மண்டலத்தில் அப்படிப்பட்ட தொடர் அபூர்வம். ஆனால் உயரத்தில் வேகமாக விழும் உணரி உராய்வால் சூடாகும். அந்தத் திருத்தம் போட்ட பதிப்பா என்று பாருங்கள். ஏவிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 60 கிமீக்கு மேல் பகல்-இரவு அலையே வெப்பநிலையைச் சில கெல்வின் ஆட்டிவிடும்; ராக்கெட்டின் ஒரு மணி நேரத்தை மாதிரியின் நாள் சராசரியோடு வைத்தால், நீங்கள் ஒப்பிடுவது அந்த அலையைத்தான்.