டிராகனுக்குப் பெயர் உண்டு, கூட்டத்துக்கு?

கேள்வி: விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் மூன்றாவது சீசன் கடைசிக் காட்சியை ஊடக மொழி, பிரதிநிதித்துவம் என்று இரண்டு கோணத்தில் அலசி அசைன்மென்ட் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். டிராகன் பறக்கிற கதை அது. இல்லாத ஊர், நடக்காத சம்பவம். அதில் யாரை எப்படிக் காட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? கதையைக் கதையாகப் பார்க்கக் கூடாதா? உங்கள் இதழும் அடிக்கடி சீரியல் ஆராய்ச்சி செய்து பக்கத்தை வீணாக்குகிறதே, தர்மபுரியில் எழுத வேறு பிரச்சினையே இல்லையா?

ஒரு வாசகி, காரிமங்கலம்

பதில்: கடைசிக் கேள்விக்கும் பதில் இருக்கிறது, வருகிறேன். முதலில் நீங்கள் அலச வேண்டிய காட்சி. பார்க்காத வாசகர்களும் இருப்பார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அடிமை வியாபாரத்தில் கொழுத்த யுன்காய் நகரம் வீழ்ந்துவிட்டது. கோட்டை வாசல் திறக்கிறது. அடிமைகளாக இருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்து நிற்கிறார்கள். எதிரே படையோடு, டிராகன்களுக்குச் சொந்தக்காரியான நாயகி டெனேரிஸ். அவளுடைய மொழிபெயர்ப்பாளர் மிசாண்டே முன்னால் வந்து, உங்கள் விடுதலைக்கு நீங்கள் கடன்பட்டிருப்பது இவருக்குத்தான் என்று அறிமுகம் செய்கிறார். டெனேரிஸ் அதை மறுக்கிறாள். விடுதலை நான் தருகிற பொருள் அல்ல, அது உங்களுடையது, வேண்டுமானால் நீங்களேதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறாள். கூட்டத்தில் ஒருவர் அவளை அம்மா என்று அழைக்கிறார். அந்தக் குரல் பரவுகிறது. அவள் இறங்கி நடந்து கூட்டத்துக்குள் போகிறாள். தோளில் தூக்கிக்கொள்கிறார்கள். கேமரா மேலே, மேலே போகிறது. டிராகன்கள் குறுக்கே பறக்கின்றன. சீசன் முடிகிறது.

இப்போது ஒலியை அணைத்துவிட்டு அதே காட்சியை ஒரு முறை பாருங்கள். வசனம் போய்விட்டால் மிஞ்சுவது என்ன? மண் நிற உடையில் மாநிற உடல்கள், நாலா பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி நீளும் கைகள். நடுவில் வெளிர்நீல உடையும் வெள்ளி முடியும் வெளுத்த தோலுமாக ஒரே ஒரு பெண். கூட்டத்தில் சில முகங்கள் நொடிப்பொழுது வந்து மறைகின்றன, கேமரா நிற்பதெல்லாம் அவள் முகத்தில். உச்சிக்கோணத்துக்குப் போனதும் அந்த முகங்களும் இல்லை. வட்டம் வட்டமாக ஒரு வடிவம், அதன் மையத்தில் அவள். பின்னணியில் ரமின் ஜவாதியின் இசையில் கூட்டுக்குரல் எழும்பி, இது கொண்டாட வேண்டிய தருணம் என்று நமக்கு உத்தரவு போடுகிறது.

வாய் சொல்வது, விடுதலை உங்களுடையது என்று. கேமராவும் நிறமும் இசையும் சொல்வது, விடுதலை இவள் தந்தது என்று. இந்த முரண்தான் உங்கள் அசைன்மென்ட். இதில் முதல் பாதி ஊடக மொழி: எங்கே கேமராவை வைத்தார்கள், யாருக்கு எந்த நிறம், எப்போது இசை. மறுபாதி பிரதிநிதித்துவம்: அந்தத் தேர்வுகளால் யார் மனிதராகத் தெரிகிறார், யார் கூட்டமாகத் தெரிகிறார். இரண்டும் தனித்தனிப் பாடம் என்று நினைத்து இரண்டு பகுதியாகப் பிரித்து எழுதினால் மதிப்பெண் வரலாம், விஷயம் பிடிபடாது.

இதெல்லாம் மேல்நாட்டுச் சமாச்சாரம், நமக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கும் எந்தப் பாட்டியையும் கேளுங்கள். இரண்டு பேர் திரை பிடித்து நிற்க, திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரிந்து ஆடும்போதே வருவது ராஜ வேஷம் என்று சொல்லிவிடுவார். முகத்தில் சிவப்பு என்றால் துரியோதனன், பச்சை என்றால் கிருஷ்ணன். புஜக்கட்டையின் அகலம், திரை விலகுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம், மத்தளத்தின் வேகம் எல்லாம் அவருக்கு அர்த்தம் உள்ளவை. ஊடக மொழியைப் படிக்கத் தெரிந்த ஊர் இது. தெரிந்ததை டிவி முன்னால் உட்காரும்போது மறந்துவிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கூத்தில் இன்னொன்றும் உண்டு. கட்டியக்காரன். ராஜா விருத்தத்தில் பாடிக்கொண்டிருக்க, அவன் நம் தெருப் பேச்சில் பேசுவான். ராஜாவையே குறுக்குக் கேள்வி கேட்பான், கிண்டல் செய்வான், கூட்டத்துக்குத் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்வான். அரச கதைதான், ஆனால் அரசன் அல்லாதவனுக்கு விடிய விடிய மேடையில் ஓர் இடம் இருக்கிறது. யுன்காய் வாசலில் அப்படி ஒருவர் இல்லை. விடுதலை பெற்றவர்களில் ஒருவர்கூட ஒரு முழு வாக்கியம் பேசவில்லை. இனி எங்கே போவோம், எதைச் சாப்பிடுவோம், நேற்றுவரை எங்களை விற்றவன் என்ன ஆனான் என்று கேட்க ஒரு வாய்கூட எழுதப்படவில்லை.

இனி, கற்பனைக் கதைதானே என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். இதில்தான் உங்களோடு எனக்குப் பெரிய சண்டை. நிஜத்தைப் படமெடுப்பவருக்கு ஒரு சாக்கு உண்டு. அங்கே அப்படித்தான் இருந்தது, கேமராவைத் திருப்பினேன் என்று சொல்லலாம். கற்பனைக் கதைக்கு அந்தச் சாக்கு கிடையாது. வானத்தின் நிறத்திலிருந்து குதிரைக்காரனின் இலக்கணம் வரை ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தது. டோத்ராக்கி என்ற நாடோடிக் குதிரைவீரர்களுக்காக டேவிட் பீட்டர்சன் என்ற மொழியியலாளர் இலக்கணத்தோடு ஒரு மொழியையே உருவாக்கிக் கொடுத்தார். டிராகன் மூன்றுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிக் குணம். இவ்வளவையும் இல்லாததிலிருந்து உண்டாக்க முடிந்தவர்கள், அந்த வாசலில் நின்றவர்களில் ஒருவருக்குப் பெயரும் நாலு வரி வசனமும் உண்டாக்கவில்லை என்றால், அது தற்செயல் இல்லை. கற்பனை என்பதால் கேள்வி குறையாது, கூடத்தான் செய்யும்.

தொடரின் பக்கம் நின்று பேசுகிறவர்களுக்கும் வாதம் உண்டு. மூலக்கதையில் அடிமைத்தனம் நிறத்தைப் பார்த்து வருவதல்ல, படப்பிடிப்பு மொரோக்கோவில் நடந்தது, துணை நடிகர்களாக வந்தவர்கள் அந்த நாட்டுக்காரர்கள், அவ்வளவுதான் என்று நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினே விளக்கினார். காரணம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பார்வையாளர் பார்ப்பது படப்பிடிப்பு நடந்த ஊரின் விவரத்தை அல்ல, திரையில் உள்ள படத்தை. இங்கிலாந்தும் பிரான்சும் ஆண்ட நாடுகளில் நூறு வருடத்துக்கு மேல் சொல்லப்பட்ட கதை அது: வெளுத்த தோல்காரர் வந்தார், மாநிறத்தார் உய்ந்தார்கள். அந்தப் பழக்கத்தில் ஊறிய கண்ணுக்கு முன்னால் இந்தப் படத்தை வைத்தால் அது அந்தக் கதையைத்தான் மறுபடி சொல்லும். ஒளிபரப்பான வாரமே இந்த விமர்சனம் கிளம்பியது.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது, அதை உங்கள் கட்டுரையில் கட்டாயம் சேர்க்க வேண்டும். 2019-ல் முடிந்த எட்டாவது சீசனில் இதே டெனேரிஸ், சரணடைந்த ஒரு நகரத்தைப் பொதுமக்களோடு எரிக்கிறாள். போகிற இடமெல்லாம் கெட்டவர்கள் செத்தார்கள், நாமும் கைதட்டினோம் என்று அவளுக்கு ஆலோசகனாக இருந்த டிரியன் கடைசி எபிசோடில் சொல்கிறான். அப்படியென்றால் யுன்காய்க் காட்சி, நம்மைக் கைதட்ட வைத்துப் பின்னால் கேள்வி கேட்பதற்காக வைத்த பொறி என்கிறார்கள். பாதி ஏற்கிறேன். நாயகியை விசாரிக்கத் தொடருக்கு மனம் வந்தது. தூக்கிச் சுமந்தவர்களைத் திரும்பிப் பார்க்க மட்டும் கடைசிவரை மனம் வரவில்லை. அந்தக் கடைசி எபிசோடிலும் அவர்களைப் போன்றவர்கள் அணிவகுத்து நிற்கும் படையாகவே இருக்கிறார்கள்.

வெள்ளையர் அல்லாதவர்களில் பெயரோடு வளர்ந்த ஒரே பெண் பாத்திரம் என்று சொல்லக்கூடிய மிசாண்டேயை என்ன செய்தார்கள்? பத்தொன்பது மொழி தெரிந்தவள். எத்தனையோ சீசன் பிறர் பேச்சையே பேசியவள். அடிமை விலங்கு அறுபட்ட அவளை, எட்டாவது சீசன் நான்காவது எபிசோடில் மறுபடி விலங்கு மாட்டி மதில்மேல் நிறுத்தித் தலையை வெட்டினார்கள். அந்தச் சாவு எதற்கு? டெனேரிஸுக்குக் கோபம் வருவதற்கு. இந்த ஒரு காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அதற்கு முந்தைய எபிசோடில் இருட்டில் ஒரு போர். டோத்ராக்கி வீரர்களின் வாளெல்லாம் மந்திரத்தில் தீப்பிடிக்க, மொத்தக் குதிரைப்படையும் இருளுக்குள் பாய்கிறது. தூரத்தில் மேட்டின்மேல் நிற்கும் நாயக நாயகியின் கண்வழியாக நாம் பார்க்கிறோம். ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியாக அணைகிறது. தொழில்நுட்பமாகச் சொன்னால் தொடரின் மிக அழகான ஷாட்களில் ஒன்று அது. ஒரு முகம் தெரியவில்லை, ஓர் அலறல் தனியாகக் கேட்கவில்லை. சிதறித் திரும்பி வருகிற சிலரில் நமக்குப் பெயர் தெரிந்தவர் ஜோரா மார்மன்ட் என்ற மேற்கத்திய வீரர். அவர்களோடு ஓடிய கோஸ்ட் என்ற ஓநாயும் பிழைத்துக்கொள்கிறது. ஓநாய்க்குப் பெயர் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

நம் பக்கத்து நடுகல் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல். மந்தையைக் காக்கப் போரிட்டு இறந்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன், அது கள்வரைக் கடித்தது என்று கல் சொல்கிறது. தர்மபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் இந்த மரபு நடுகற்கள் வரிசையாக நிற்கும். செத்தவன் யார், எந்த ஊர், யார் சேவகன் என்று எழுதி வைத்த மரபு. நாய்க்கும் பெயர் எழுதிய மண்ணில் பிறந்தவருக்கு, பெயரில்லாத கூட்டத்தைப் பார்த்தால் உறுத்த வேண்டும்.

குரலையும் கவனியுங்கள். வடக்குக் குடும்பத் தலைவராக நடித்த ஷான் பீன் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். வடபகுதிப் பேச்சோடே பேசுகிறார், அந்தப் பேச்சு நேர்மையின் அடையாளம் ஆகிறது. தலைநகரப் பிரபுக்கள் மெருகேற்றிய ஆங்கிலம் பேசுகிறார்கள். குடிசைப் பகுதியில் பிறந்த டாவோஸின் நாலு விரல் நுனியைத் தண்டனையாக வெட்டிய, அரசுரிமை கோரும் பிரபு ஸ்டானிஸ், அந்த விரல்களைப் பற்றியே டாவோஸ் பேசும்போது அவருடைய இலக்கணப் பிழையைத் திருத்துகிறான். வர்க்கத்தைப் பற்றி நூறு பக்கம் எழுத வேண்டியதை ஒரு வரியில் காட்டிவிட்டார்கள். இதைச் செய்யத் தெரிந்த அதே எழுத்தாளர்கள்தான் யுன்காய் வாசலில் ஊமையானார்கள். நம் சின்னத்திரையில் கோவைப் பேச்சு வரும், மதுரைப் பேச்சு வரும். பாலக்கோட்டுப் பேச்சையோ, தெலுங்கும் கன்னடமும் கலந்த ஓசூர்ப் பக்கத்துத் தமிழையோ ஒரு கதாநாயகி பேசி நீங்கள் கேட்டதுண்டா?

சரி, தர்மபுரிக்கு வருகிறேன். யுன்காய்க் காட்சி ஒளிபரப்பானது 2013 ஜூன். அதற்கு முந்தைய மாதம்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டு வலி, எலும்பு வளைவு. நல்ல தண்ணீருக்காகப் பல ஆண்டுகள் மனு கொடுத்தவர்கள், மறியலில் உட்கார்ந்தவர்கள் நம் ஊர்ப் பெண்கள். செய்திப் படங்களை நினைத்துப் பாருங்கள். வெடித்த ஏரி, வரிசையில் காலிக் குடங்கள், கேமராவுக்குப் பல்லைக் காட்டச் சொல்லி எடுத்த ஒரு குழந்தையின் வாய். படத்தின் கீழே உள்ள குறிப்பில், குடத்தோடு நிற்பவரின் பெயர் இராது. திறந்து வைத்தவர் பெயர் இருக்கும், ஒப்பந்தத் தொகை இருக்கும். போராடியவர்கள் நன்றி சொல்லும் கூட்டமாக ஆகிவிட்டார்கள். யுன்காயில் கேமரா செய்ததும் இதுவே. யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டீர்களே, நஷ்டப்பட்டவர்கள் நாம். அதனால்தான் சீரியலுக்கு இந்த இதழில் பக்கம் ஒதுக்குகிறேன், இனியும் ஒதுக்குவேன்.

ஸ்டுவர்ட் ஹால் பெயரை உங்கள் பாடக்குறிப்பில் பார்த்திருப்பீர்கள். 1932-ல் ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போன பண்பாட்டு ஆய்வாளர். அனுப்புகிறவர் ஓர் அர்த்தத்தை வைத்து அனுப்பினாலும் வாங்குகிறவர் அதை அப்படியே வாங்க வேண்டியதில்லை, பேரம் பேசலாம், எதிர்த்தும் படிக்கலாம் என்று 1973-ல் எழுதினார். பெயரைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடாதீர்கள். அவர் சொன்னதைச் செய்து பாருங்கள். டெனேரிஸ் நிற்கிற மேட்டிலிருந்து பார்க்காமல், வாசலிலிருந்து வெளியே வருகிற ஒரு பெண்ணின் இடத்தில் நின்று அந்தக் காட்சியை ஷாட் ஷாட்டாக எழுதுங்கள். அவளுக்கு ஒரு பெயர் வையுங்கள். அவள் கண்ணுக்கு என்ன தெரிகிறது, அவளுக்கு எந்த இடத்தில் குளோசப் வேண்டும், உச்சிக்கோணம் போகும்போது அவள் எங்கே காணாமல் போகிறாள் என்று குறியுங்கள். எழுதியதை எங்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.

ஆசிரியர்