கரடி வந்ததால் தேன் ஊறியதா?

கேள்வி: நெடுஞ்சாலை ஓரங்களில் மால்கள் பெருகுகின்றன. மால் வந்த பிறகுதானே அந்தப் பக்கம் வளர்கிறது? மாலுக்கு ரயிலும் வேண்டும் என்கிறார்களே, இதில் ரயிலுக்கு என்ன வேலை? மாலுக்குப் போகிறவர்கள் காரில்தானே போகிறார்கள்?

பதில்: கரடி வந்ததால்தான் தேன் ஊறியது என்கிறீர்கள். முதலில் வருவது சாலை. இரண்டு பெரிய சாலைகள் கூடும் இடத்தில், நிலம் மலிவாகக் கிடக்கும்போதே வளைத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர் பிறகு மால் கட்டுகிறார். சாலை போட்ட பணம் ஊரார் வரி. ஏறிய நிலத்தின் விலையோ அவர் பையில்.

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து எடைனாவில், விக்டர் குரூயென் வடிவமைத்த சவுத்டேல் மால் 1956 அக்டோபரில் திறந்தது. கடைகள் அனைத்தும் ஒரே கூரையின் கீழ். வெளியே ஆயிரக்கணக்கான கார்களுக்கு இடம். அதே ஆண்டு ஜூனில்தான் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு அந்த நாட்டில் சட்டம் வந்தது. செலவில் 90 சதவீதம் மத்திய அரசின் தலையில். சவுத்டேல் அந்தச் சட்டத்துக்குப் பிறந்த பிள்ளையல்ல. ஆனால் பின்னால் வந்த எத்தனையோ மால்கள் அந்தச் சாலைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தவை. குரூயென் மால்களின் போக்கில் மனம் கசந்து, 1968-இல் சொந்த ஊரான வியன்னாவுக்கே திரும்பினார். 1976-இல் அந்த ஊருக்குத் தெற்கே, நெடுஞ்சாலை ஓரமாக, ஒரு பெரிய மால் வந்து சேர்ந்தது! மால்களின் தந்தை என்ற பட்டத்தை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

ரயிலுக்கு என்ன வேலையா? ஜப்பானின் ஒசாகாவில் ஹான்கியூ ரயில் கம்பெனியை வளர்த்த கொபயாஷி இச்சிசோ, 1929-இல் தன் உமேதா முனையத்திலேயே பல்பொருள் அங்காடி திறந்தார். ரயிலில் வந்தவர் கடைக்குள் நுழைந்தார். கடைக்கு வந்தவர் ரயில் டிக்கெட் வாங்கினார். இரண்டு கல்லாவும் ஒருவருடையவை. ஹாங்காங்கின் மெட்ரோ ரயிலை நடத்தும் எம்.டி.ஆர். நிறுவனம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. நிலையத்தை ஒட்டிய நிலத்தில் கட்டும் உரிமையை, ரயில் வருவதற்கு முந்தைய மதிப்பில் அரசிடம் பெறுகிறது. கட்டுபவர்களோடு லாபத்தில் பங்கு போடுகிறது. ரயிலால் ஏறிய விலையில் ஒரு பகுதி ரயிலுக்கே திரும்புகிறது. நெடுஞ்சாலைக்கு இப்படி எவர் திருப்பிக் கொடுத்தார்?

கட்டடத்தைப் பார்த்தே எது எதை நம்பி நிற்கிறது என்று சொல்லிவிடலாம். சாலையை நம்பிய மால் அகலமாகப் படுத்திருக்கும்; கடைகளைவிடக் கார் நிறுத்துமிடம் பெரிது. வருகிறவர் வாரத்துக்கு ஒரு முறை வந்து டிக்கி நிறைய அள்ளிப் போவார். ரயிலை நம்பியது உயரமாக நிற்கும்; கையில் தூக்கும் அளவுக்கு வாங்குகிறவர்கள் அடிக்கடி வருவார்கள். கனடாவில், டொரொண்டோவின் யார்க்டேல் மாலுக்கு இரண்டும் வாய்த்தன: 1964-இல் நெடுஞ்சாலை ஓரத்தில் திறந்தது, 1978-இல் சுரங்க ரயிலும் வந்தது.

காரில்தானே போகிறார்கள் என்கிறீர்கள். வாங்குகிறவர்கள் போகலாம். துணி மடித்து வைக்கும் பெண்ணும், தரை துடைப்பவரும், வாசலில் நாள் முழுவதும் நிற்கும் காவலாளியும் எதில் போகிறார்கள்? கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நிமிடம் பிசகாமல் சொல்வார்கள்.