வீட்டிலேயே நின்ற காய்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சதுரங்க ஆட்டத்தின் தொடக்கத்தில் எப்போது காய்களை வெளியே கொண்டுவருவது, எப்போது சிப்பாயைத் தள்ளுவது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. என்ன ஆடுவதென்று தெரியாதபோது ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திவிடுகிறேன். எதிராளியின் மந்திரி ஜி4 கட்டத்துக்கு வந்து, நகர்ந்தால் பின்னாலுள்ள ராணி வெட்டுப்படும்படி என் குதிரையைக் கட்டிப்போடக் கூடாதென்று எச்3, அதாவது ராஜா பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளும் நகர்வை, தவறாமல் ஆடுவேன். சிப்பாய்களே சதுரங்கத்தின் ஆன்மா என்று அந்தக் காலப் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் சொல்லியிருக்கிறாரே? கணினியும் சில நேரம் சிப்பாய் நகர்வைத்தானே காட்டுகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிலிடோர் 1749-இல் எழுதியது சிப்பாய்களின் அமைப்பைப் பற்றி. வேலையில்லாதபோது அவற்றைத் தள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கணினி காட்டும் நகர்வுக்குப் பின்னால் உள்ள கணக்கு உங்கள் கையில் இல்லாதவரை அதை விட்டுவிடுங்கள். ஆனால் அந்த எச்3-ஐ என்னால் விட முடியாது. அதற்காகத்தான் இந்தப் பதில்.

1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி, சேர்ந்து யோசித்து ஒரே அணியாக ஆடிய பிரன்ஸ்விக் கோமகனையும் ஒரு பிரபுவையும் எதிர்த்து ஆடிய ஆட்டத்தை இந்த வாரம் மீண்டும் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அஞ்சும் அதே மந்திரி மூன்றாவது நகர்விலேயே ஜி4-க்கு வந்து மார்ஃபியின் குதிரையைக் கட்டிப்போடுகிறது. அவர் ஓரச் சிப்பாயைத் தொடவே இல்லை. நடுவில் சிப்பாயை வெட்டினார். மந்திரி குதிரையை வெட்டிவிட்டுத் தானும் வெட்டுப்பட்டது. வெட்டிய ராணி நல்ல கட்டத்தில் வந்து நின்றது. எட்டாவது நகர்வில் ஒரு சிப்பாயை இலவசமாக எடுக்க வழியிருந்தும் இன்னொரு குதிரையை வெளியே கொண்டுவந்தார். ஒன்பதாவது நகர்வில் எதிரணியினர் அவருடைய மந்திரியை விரட்டச் சிப்பாயைத் தள்ளியபோது, மார்ஃபியிடம் நான்கு காய்கள் களத்தில் இருந்தன; அவர்களிடம் ஒரு குதிரையும், தன் மந்திரியின் வழியையே மறித்து நின்ற ராணியும்தான். பதினேழாவது நகர்வில் மேட்; அவர்களுடைய ராஜாவுக்குத் தப்ப வழியில்லை. அப்போதும் அவர்களுடைய ராஜா பக்கத்து யானையும் மந்திரியும் தொடங்கிய கட்டத்திலேயே நின்றன.

கட்டிப்போடப்படுவது ஒரு தொல்லை, அவ்வளவுதான். இன்னொரு மந்திரியை ராணிக்கு முன்னால் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வராத மந்திரிக்காக ஒரு நகர்வைச் செலவழிப்பது, அதுவும் சொந்த ராஜா காஸ்லிங் செய்யாமல், அதாவது யானையோடு சேர்ந்து நகர்ந்து ஓரத்துப் பாதுகாப்புக்குப் போகாமல், நடுவில் நிற்கும்போது, பயத்துக்குக் கொடுக்கும் விலை. குதிரை தவறான கட்டத்துக்குப் போனால் திரும்பி வரலாம், சிப்பாய் திரும்பாது. இதை அறிந்தும் கை பழகிவிட்டதால் தள்ளுகிறீர்கள் என்றால் அது சோம்பல்; உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும்.

கோபப்படும் உரிமை எனக்கு இருக்கிறது, ஏனென்றால் நானும் இதையே செய்தேன். பதின்மூன்று வயதில் ஒரு போட்டியில் இரு பக்கத்து ஓரச் சிப்பாய்களையும் தள்ளி, குதிரைச் சிப்பாயையும் தள்ளி, இருபது நகர்வுக்குள் தோற்றேன். பயிற்சியாளர் திட்டவில்லை. கடைசி நிலையை அடுக்கச் சொல்லி, தொடங்கிய கட்டத்தைவிட்டு அசையாத என் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டார்: இரண்டு யானைகள், ஒரு மந்திரி, ஒரு குதிரை. மிச்சத்தைக் காட்டி, “இவற்றை வைத்துக்கொண்டுதான் அவனுடைய முழுப்படையோடு மோதியிருக்கிறாய்” என்றார். அன்று அழுதேன். அந்தப் பெட்டி மூடிய ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். காய்க்கு வழி திறக்கும் சிப்பாய் நகர்வும் காயை வெளியே கொண்டுவரும் வேலைதான். நடுவிலுள்ள இரண்டு சிப்பாய்கள் நகர்ந்தாலே இரு மந்திரிகளுக்கும் ராணிக்கும் பாதை கிடைத்துவிடும். நடுப்பகுதி சிப்பாய்களால் பூட்டிக் கிடந்தால் அவசரம் குறைவு. அங்கே சிப்பாயைத் தள்ளித்தான் காய்களுக்கான பாதையைத் திறக்க வேண்டியிருக்கும். திறந்து கிடந்தால் ஒரு நகர்வுகூட வீணாக்காதீர்கள்.

நீங்கள் தோற்ற ஆட்டம் ஒன்றின் நகர்வுக் குறிப்பை அனுப்புங்கள். பத்தாவது நகர்வில் உங்கள் காய்கள் எங்கே நின்றன என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.